ஆச்சியை ஆக்கிய மேடை

பள்ளத்தூரில் வளர்ந்து நாடகம், சினிமா, சின்னத்திரை மூன்றிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்த மனோரமாவை ஓர் எண்ணாகச் சுருக்கி வைத்திருக்கிறோம். அவர் தொழில் கற்ற இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மனோரமா என்ற பெயரைச் சொன்னதும் பேச்சு ஓர் எண்ணில் போய் நிற்கும். ஆயிரம் படங்களில் நடித்தவர் என்று 1985-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். அதன் பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் நடித்தார். 2015 அக்டோபர் 10 அன்று அவர் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிகளில் அந்த எண் ஆயிரத்து ஐந்நூறு வரை ஏறியது. அடுத்த வரியில் ஐந்து முதலமைச்சர்கள் வருவார்கள்: நாடகத்தில் அண்ணாவும் கருணாநிதியும், சினிமாவில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் என்.டி.ராமராவும். இரண்டுமே வியக்க வேண்டிய செய்திகள்தாம். ஆனால் இரண்டையும் படித்து முடித்தவருக்கு மனோரமா எப்படி நடித்தார் என்பது பற்றி ஒரு சொல்கூடத் தெரிந்திருக்காது. ஆயிரம் படங்கள் ஒருவருடைய உழைப்புக்கும் உடல் வலுவுக்கும் சாட்சி சொல்லும். அவருடைய தொழில்திறன் எங்கிருந்து வந்தது, எதனால் அது தேயாமல் நின்றது என்று கேட்டால் அந்த எண்ணிடம் பதில் இல்லை.

அவர்மேல் குத்தப்பட்ட இன்னொரு முத்திரை ‘நகைச்சுவை நடிகை’. அதுவும் பாதிக் கணக்குதான். சிரிக்க வைத்த வேடங்களைத் தனியே எடுத்துப் பார்த்தாலும், அவற்றில் சிரிப்பு வருவது வசனத்தின் குத்தலால் அல்ல. எதிரில் நிற்பவள் எந்த ஊர்க்காரி, என்ன பிழைப்பு, எத்தனை வயது, யாரிடம் பணிவாள், யாரை அதட்டுவாள் என்பது முதல் வாக்கியத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தத் தெளிவுதான் சிரிப்பாக மாறுகிறது. இதற்குப் பெயர் குணச்சித்திர நடிப்பு. தமிழ்ச் சினிமாவின் குணச்சித்திர நடிப்பு ஸ்டூடியோவில் பிறந்தது அல்ல, சிற்றூர் நாடக மேடையில் கூலிக்கு ஆடியவர்கள் கற்றுக்கொண்ட கைத்தொழில் என்பதும், அதற்கு மனோரமாவைவிடத் தெளிவான சான்று கிடையாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். அந்த மேடையில் ஒரு பகுதி செட்டிநாட்டில், சிங்கம்புணரி வட்டாரம் உட்பட, இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் இது நினைவஞ்சலியோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை.

பள்ளத்தூர்ச் சிறுமி

மனோரமாவின் இயற்பெயர் கோபிசாந்தா. 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தார். தந்தை கைவிட்ட நிலையில் தாய் ராமாமிர்தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடியை அடுத்த பள்ளத்தூருக்கு வந்தார். நகரத்தார் வீடுகள் நிறைந்த அந்த ஊரில் தாயும் மகளும் உழைத்துப் பிழைத்தார்கள். தாயின் உடல்நலம் கெட்டதால் சிறுமியின் பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதில் நாடகத்துக்குப் போனார். நாடகத்தை நடத்திய திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும் வைத்த பெயர்தான் மனோரமா. பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம். அங்கே கருணாநிதியின் ‘மணிமகுடம்’ போன்ற திராவிட இயக்க நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றார். 1958-இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ வழியாகத் தமிழ்ச் சினிமாவுக்கு வந்தார். கண்ணதாசன் சிறுகூடல்பட்டிக்காரர்; செட்டிநாட்டு மனிதர் ஒருவர்தான் செட்டிநாட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டார். திறந்தது கதாநாயகிக்கான கதவு அல்ல, நகைச்சுவை வேடத்துக்கான கதவு. நாயகியாக வந்தால் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோவாய், இப்படி வந்தால் நெடுங்காலம் நிற்பாய் என்ற பொருளில் கண்ணதாசன் சொன்னதை மனோரமா பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டது. எழுதியவர்கள் பெரும்பாலும் வறுமையை வென்ற கதையாகவே எழுதினார்கள். வறுமை உண்மை. ஆனால் வறுமை யாருக்கும் நடிப்பைக் கற்றுத் தராது. பன்னிரண்டு வயதுக்கும் இருபத்தொரு வயதுக்கும் நடுவே மேடையில் கழிந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் என்ன கற்றார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் தேட, அதே காலத்தில் அதே வட்டாரத்தில் ஆண் நடிகர்களுக்கு என்ன வாய்த்திருந்தது என்று பார்க்க வேண்டும்.

பையன்களுக்குக் கம்பெனி, பெண்ணுக்கு என்ன?

1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். அதற்குப் பின் பாய்ஸ் கம்பெனிகளின் காலம் கொடிகட்டிப் பறந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள், எம்.ஜி.ஆர்., சிவாஜி, எஸ்.எஸ்.ராஜேந்திரன் என்று பின்னாளில் திரையை ஆண்ட பலரும் சிறுவயதில் அந்தக் கம்பெனிகளில் சேர்ந்தவர்கள். அங்கே சோறும் படுக்கையும் உண்டு, அடியும் உண்டு, வாத்தியார் உண்டு. பாட்டு, வசனம், கத்திச்சண்டை, ஒப்பனை எல்லாமே பாடம். ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடம் போடும் பையன் குரல் உடைந்ததும் வேறு வேடத்துக்கு மாறுவான். பதினைந்து வயதுக்குள் அவன் அரசனும் கிழவனும் பெண்ணும் ஆகிவிட்டிருப்பான்.

அந்தப் பாடம் என்ன பலன் தந்தது என்பதைக் காரைக்குடியே பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து நெருக்கடியில் சென்னையில் ஸ்டூடியோ நடத்துவது கடினமாக இருந்தது. படத் தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பன் தன் சொந்த ஊரான காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஒரு நாடகக் கொட்டகையையும் அதைச் சுற்றிய இடத்தையும் பிடித்து, கீற்றுக் குடிசைகள் போட்டு ஸ்டூடியோ ஆக்கினார். கொட்டகை ஸ்டூடியோவானது ஒரு தற்செயல்தான். ஆனால் அங்கே எடுக்கப்பட்ட படமும் நாடகத்திலிருந்து வந்தது. ப.நீலகண்டன் எழுதிய ‘தியாக உள்ளம்’ நாடகம் 1947-இல் ‘நாம் இருவர்’ ஆனது. மேடையில் அந்த நாடகத்தில் கிழவர் வேடம் போட்டு வந்த விருதுநகர் இளைஞரையே மெய்யப்பன் படத்திலும் போட்டார். அவர் வி.கே.ராமசாமி. 1926-இல் பிறந்தவருக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயது. திரையில் தெரிந்தவர் அறுபது வயதுக் கிழவர். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களில் மாமனாராகவும் பண்ணையாராகவும் முதலாளியாகவும் தாத்தாவாகவும் நடித்துக்கொண்டே இருந்தார். ‘பட்டிக்காடா பட்டணமா’வில் நாயகியின் தந்தை, ‘ருத்ர தாண்டவம்’ படத்தில் சிவபெருமான், ‘மௌன ராகம்’ படத்தில் நாயகனின் மேலதிகாரி. இளமையில் போட்ட முதுமை ஒப்பனையை முகமே ஒருநாள் எட்டிப் பிடித்தது. ஒப்பனை தேவைப்படாத வயது வந்தபோது அவருடைய நடிப்பில் எந்தத் தையலும் தெரியவில்லை.

வி.கே.ராமசாமி காரைக்குடியில் முதுமை வேடம் போட்ட நாட்களில், சில மைல் தள்ளிப் பள்ளத்தூரில் கோபிசாந்தாவுக்குப் பத்து வயது. அவர் சேர ஒரு பெண்கள் கம்பெனி இல்லை. முந்தைய தலைமுறையில் கும்பகோணம் பாலாமணி அம்மாள் போன்றவர்கள் பெண்களை மட்டும் வைத்து நாடகக் குழு நடத்தியதுண்டு. ஆனால் அந்த வழி தொடரவில்லை. வாத்தியாரும் சாப்பாட்டுக் கூடமும் ஒத்திகையும் கொண்ட பள்ளி ஆண்பிள்ளைகளுக்கு இருந்தது. பெண்ணுக்கு இருந்தது மேடை மட்டுந்தான். நாடகம் நடக்கும் ஊருக்குப் போய், அன்றைக்குள்ள வேடத்தைப் போட்டு, அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு திரும்புவது. பாதுகாப்பில்லாத, கௌரவம் கிடைக்காத, கடுமையான வாழ்க்கை அது. ஆனால் கம்பெனிப் பையனுக்கு அவனுடைய பள்ளி கற்றுத்தராத ஒன்றை அது பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது.

ஒத்திகை இல்லாத இரவு

என்ன அது? இன்றும் நடக்கும் ஒரு நாடக முறையைப் பார்த்தால் புரியும். சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் வைகாசித் திருவிழாவுக்குப் பெயர்பெற்ற சிங்கம்புணரியிலும், திருப்பத்தூர், காரைக்குடி, புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரங்களிலும் ஊர்த் திருவிழா என்றால் ஓர் இரவு நாடகம் வைப்பது பழைய வழக்கம். பெரும்பாலும் ‘வள்ளி திருமணம்’. இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். இதற்கென்று ஒரு குழு கிடையாது. நாயக வேடம் போடும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், வள்ளி வேறோர் ஊர், நாரதர் இன்னோர் ஊர், பபூனும் டான்ஸும் மற்றோர் ஊர். சுவரொட்டியில் ஒவ்வொரு பெயரோடும் அவரவர் ஊர்ப் பெயர் இருக்கும். இரவு பத்து மணி சுமாருக்குத் தொடங்கி விடியும்வரை ஆடுவார்கள். ஒத்திகை என்று ஒன்று கிடையாது. பாதிப் பேருக்கு எதிரில் நிற்கும் நடிகரின் பழக்கவழக்கம் தெரியாது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தச் சட்டத்துக்குள் மற்ற அனைத்தும் அந்த நேரத்தில் பிறந்தாக வேண்டும்.

இதில் நடிகரின் தரத்தைக் காட்டும் இடம் தர்க்கம். வள்ளியும் நாரதரும், வள்ளியும் வேடனும் எதிரெதிராக நின்று வாதம் செய்வார்கள். பாட்டால் கேட்பார்கள், வசனத்தால் மடக்குவார்கள். எதிராளி எந்தப் பக்கம் இழுப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். ஆகவே அந்த மேடை முதலில் கற்றுத்தருவது பேசுவதை அல்ல, காதைத் தீட்டிக்கொள்வதை. இரண்டாவது பாடம் வேட மாற்றம். ஒரே ராஜபார்ட் ஒரே இரவில் வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் வர வேண்டும். இளைஞன், முரடன், பல்லுப்போன கிழவன் என்று மூன்று உடல்கள், மூன்று குரல்கள். மூன்றாவது பாடம் கூட்டம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சிரிப்பு, ஒரு கோபம். முந்தைய ஊரில் கைதட்டு வாங்கிய இடம் இந்த ஊரில் ஊமையாகிவிடும். தூங்கி விழும் கூட்டத்தை இரவு மூன்று மணிக்கு நிமிர்த்தி உட்கார வைக்கத் தெரியாதவருக்கு அடுத்த ஆண்டு அழைப்பு வராது.

மனோரமா தொடக்க காலத்தில் ஆடியவை பெரும்பாலும் சமூக நாடகங்கள், பிறகு இயக்க நாடகங்கள். ஸ்பெஷல் நாடக நடிகை என்று அவரை வகைப்படுத்த முடியாது. ஆனால் ஊர் ஊராக, புதுப்புது ஆட்களோடு, புதுப்புதுக் கூட்டத்தின் முன் ஆடும் வாழ்க்கை இரண்டுக்கும் பொது. காது, உடல் மாற்றம், கூட்டத்தின் நாடி ஆகிய மூன்றும் பின்னாளில் அவர் சினிமாவில் செய்த ஒவ்வொன்றிலும் அப்படியே தெரிகின்றன. அதற்குப் படங்களே சாட்சி.

காது கேட்டது, நாக்கு பேசியது

முதல் சாட்சி அவருடைய வட்டார வழக்கு. ‘அனுபவி ராஜா அனுபவி’யில் (1967) நாகேஷோடு தூத்துக்குடிப் பேச்சு. அடுத்த ஆண்டு ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைத் தமிழ், அதிலும் சொந்தக் குரலில் பாட்டு. ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் வேலைக்காரி கண்ணம்மா பேசும் சென்னைத் தமிழோ வேறு. முன்னது தெருவின் துள்ளல், பின்னது பத்துப் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தவளின் அதிகாரம். ‘சின்ன கவுண்டர்’ (1992) படத்தில் எத்துப்பல் வைத்துக்கொண்ட கொங்குநாட்டுத் தாய். இவை மிமிக்ரி இல்லை. மிமிக்ரி செய்பவர் ஒரு வழக்கின் விநோதமான சொற்களைப் பொறுக்கி எடுத்து முன்வைப்பார். நமக்கு வழக்கு தெரியும், ஆள் தெரியாது. மனோரமாவிடம் ஆள் முதலில் வருவார். எந்தச் சொல்லில் மூச்சு விடுவது, எந்த வாக்கியத்தை முழுங்குவது, யாரைப் பார்த்துப் பேசும்போது குரல் தணிவது என்பதெல்லாம் சேர்ந்தபின்தான் வழக்கு. வானொலி நாடகம் ஒன்றில் அவர் பேசிய செட்டிநாட்டுப் பேச்சே ‘ஆச்சி’ என்ற அழைப்பு ஒட்டிக்கொள்ளக் காரணமாயிற்று. முகம் தெரியாத வானொலியில் குரல் ஒன்றே ஒரு பெண்ணைச் செட்டிநாட்டு ஆச்சியாக நிறுத்திவிட்டது.

இரண்டாவது சாட்சி ஜில் ஜில் ரமாமணி. கொத்தமங்கலம் சுப்புவின் கதையை ஏ.பி.நாகராஜன் 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆக எடுத்தபோது, நாடகக்காரி ரமாமணி வேடம் மனோரமாவுக்கு வந்தது. சிவாஜியும் பத்மினியும் பாலையாவும் நாகேஷும் நிறைந்திருக்கும் படம் அது. நாதஸ்வரமும் பரதமும் உயர்ந்த கலைகளாகப் போட்டியிடும் கதையில், நாடகக்காரி என்பவள் எளிதில் கேலிப் பொருளாகிவிடக் கூடியவள். தளுக்கும் மினுக்கும் மேடைப் பேச்சும் அவளிடம் உண்டு. மனோரமா அத்தனையையும் காட்டுகிறார். ஆனால் நாதஸ்வரக்காரனிடம் அவள் பேசும்போது, பெரிய கலை ஒன்றின் முன்னால் சின்னக் கலைக்காரி கொள்ளும் மரியாதையும், என் தொழிலும் தொழில்தான் என்ற நிமிர்வும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. அந்த நிமிர்வை வசனகர்த்தா எழுதித் தந்துவிட முடியாது. ஊர் ஊராக நாடகம் ஆடியவள் ‘நாடகக்காரி’ என்ற சொல்லை ஊரார் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு வளர்ந்தவள். கதை முழுக்கக் கூடவே வராத அந்த வேடத்தை, அரை நூற்றாண்டு கடந்தும் நாயகன் நாயகிக்கு இணையாக மக்கள் நினைவில் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

வயது என்பது ஒரு வேடம்

மூன்றாவது சாட்சி வயது. தமிழ்ச் சினிமா நடிகைக்கு வயதை மன்னிப்பதில்லை. நாயகனுக்கு ஐம்பதிலும் காதல் உண்டு, நாயகிக்கு முப்பதிலேயே அண்ணி வேடம். மனோரமா இந்த அநீதியை எதிர்த்துப் போராடவில்லை, வயதையே ஒரு வேடமாக்கிக்கொண்டு அதைச் சுற்றிப் போனார். 1963-இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாக நடித்தவர்; அந்தப் பாதை நீளவில்லை. அது அவரைத் தடுக்கவும் இல்லை. 1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் வளர்ப்புத் தாய். அதே ஆண்டு ‘புதிய பாதை’, அதற்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது. அடுத்த ஆண்டு ‘நடிகன்’ படத்தில், கிழவராக வேடமிட்டு வந்த சத்யராஜ் மீது காதல்கொள்ளும் நடுவயதுப் பெண். அந்தக் காதலைக் கேலியாக மட்டுமே செய்திருந்தால் படம் பார்த்தவர்கள் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். நாணமும் ஏக்கமும் கலந்து அவர் செய்ததால், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்மீது இரக்கம் வந்துவிடுகிறது.

வயதை வேடமாக்கும் இந்த வித்தை செட்டிநாட்டுச் சீமையோடு தொடர்புடைய வேறு நடிகர்களிடமும் தெரிகிறது. ‘ஆண் பாவம்’ (1985) படத்தில் வி.கே.ராமசாமி வீட்டுத் தலைவர். அந்த வீட்டின் பாட்டி கொல்லங்குடி கருப்பாயி. சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடியைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகியான கருப்பாயி, 2025 ஜூனில் தன் தொண்ணூற்றொன்பதாவது வயதில் காலமானார். கணக்குப் பார்த்தால் அவருக்கும் வி.கே.ராமசாமிக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒருவர் தலைமுறை முன்னே, ஒருவர் தலைமுறை பின்னே. பார்ப்பவர் யாருக்கும் இது உறுத்தவில்லை. ஒருவர் பாய்ஸ் கம்பெனியில் பழகியவர், மற்றவர் வயலிலும் வானொலியிலும் பாடிப் பழகியவர். வந்த பாதைகள் வேறு. ஆனால் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்களைக் கட்டிப்போட வேண்டிய கட்டாயம் இருவருக்கும் பொது.

மறுப்புகள் மூன்று

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: மனோரமா பிறவி மேதை. அதே மேடையில் ஆடிய நூற்றுக்கணக்கானவர்கள் மனோரமா ஆகவில்லையே? உண்மைதான். மேடை மேதையை உற்பத்தி செய்யாது. ஆனால் தமிழ்த் திரையின் முக்கியமான குணச்சித்திர நடிகர்களின் பட்டியலை எடுத்தால், மேடையைத் தொடாமல் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாலையா, எஸ்.வி.சகஸ்ரநாமம், எஸ்.வி.சுப்பையா, எம்.ஆர்.ராதா, சி.கே.சரஸ்வதி எல்லோரும் நாடகத்திலிருந்து வந்தவர்கள். கம்பெனிகள் மறைந்தபின் நகரத்துச் சபா நாடகம் அந்த வேலையைச் செய்தது: அகில இந்திய வானொலியின் டெல்லி நிலையத்தில் செய்தி வாசித்த பூர்ணம் விஸ்வநாதனும், விமானப் படையில் பணியாற்றிவிட்டு வந்த டெல்லி கணேஷும் அப்படி உருவானவர்கள். கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதியும் கலைராணியும், வீதி நாடகத்திலிருந்து ‘பூ’ ராமுவும் வந்தார்கள். காலமும் மேடையின் வகையும் மாறின. மேடை என்ற தேவை மாறவில்லை. மேதை எங்கே பிறப்பார் என்பது நம் கையில் இல்லை. அவருக்குப் பழக ஓர் இடம் இருக்கிறதா என்பது நம் கையில் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. நாயகி வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையைக் கைத்தொழில் என்றும் பாடம் என்றும் பூசி மெழுகலாமா? கறுப்பு நிறமும் எளிய பின்னணியும் அவரை ஓரத்துக்குத் தள்ளின. அதற்கு நன்றி சொல்லச் சொல்வது என்ன நியாயம்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. திரைத்துறை அவரை அளந்த கோல் நேர்மையானது அல்ல. சம்பளத்திலும் விளம்பரத்திலும் குணச்சித்திர நடிகைக்குக் கிடைத்த இடம் இன்றும் வெட்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது. ஆனால் அநீதியை ஒப்புக்கொள்வது ஒன்று, அநீதிக்குள் நின்று ஒருவர் கட்டியெழுப்பியதைக் காணாமல் விடுவது வேறொன்று. கண்ணதாசன் சொன்ன யோசனை சந்தையின் கணக்கு. அந்தக் கணக்கு எதிர்பார்த்ததையும் மீறி, நகைச்சுவைக்கு என்று ஒதுக்கிய இடத்தில் தாயை, தொழிலாளியை, கலைக்காரியை, காதலியைக் கொண்டுவந்து நிறுத்தியது மனோரமாவின் வேலை. அவருக்குப் பின் வந்த கோவை சரளா போன்றவர்கள் நுழைந்த வாசல் அவர் அகலப்படுத்தியது. பாதிக்கப்பட்டவர் என்ற ஒற்றைப் படத்துக்குள் அவரை அடைப்பது, எண்ணுக்குள் அடைப்பதைப் போன்ற இன்னொரு சுருக்கம்தான்.

மூன்றாவது மறுப்பு நடிப்பைப் பற்றியது. மேடைக்காரர்களின் நடிப்பு மிகை. கேமரா அருகில் வந்தபின் அந்தச் சத்தமும் கண்ணீரும் எதற்கு? தொண்ணூறுகளின் அம்மா வேடங்களில் மனோரமா அழுத அளவுக்கு எல்லை இருந்ததா? இதில் பாதியை ஏற்கத்தான் வேண்டும். இயக்குநர்கள் கேட்டது கண்ணீர், கிடைத்தது கண்ணீர். ஒரே அச்சில் வார்த்த தாய் வேடங்கள் பல உண்டு. ஆனால் அதே பத்தாண்டில் இரண்டு படங்களைப் பார்க்கலாம். ‘ஜென்டில்மேன்’ (1993) படத்தில் மகனின் மருத்துவப் படிப்புக்காக உயிரை விடும் தாய். ‘இந்தியன்’ (1996) படத்தில் கணவனின் சாவுக்கு உரிய இழப்பீட்டுத் தொகையைப் பெற லஞ்சம் கொடுக்க வேண்டிய நிலையில் அலுவலகத்தில் நிற்கும் ஏழைப் பெண். இரண்டு படங்களுமே ஊழலுக்கு எதிரான கோபத்தின் மேல் கட்டப்பட்டவை. நாயகன் சட்டத்தைக் கையில் எடுப்பதைப் பார்வையாளர் ஏற்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் ஒரு மனிதருக்கு நேர்ந்த அநியாயம் அவர்கள் நெஞ்சில் தைத்திருக்க வேண்டும். அதைச் சில நிமிடங்களில் செய்து முடிக்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. பக்கம் பக்கமாக வசனம் பேச அவகாசம் இல்லாத இடத்தில், வந்து நின்றதுமே ஒரு வாழ்க்கையை முழுதாகக் காட்டுவது மிகை நடிப்பால் ஆகிற காரியம் அல்ல. கூட்டத்தின் நாடி தெரிந்தவர் சத்தத்தை எங்கே ஏற்றுவது என்று அறிவார். எங்கே இறக்குவது என்பதும் அவருக்கே தெரியும்.

சின்னத்திரை என்ற பழைய கொட்டகை

மூன்றாவது களமான தொலைக்காட்சியைப் பெரும்பாலும் ஓய்வு பெற்ற நடிகர்களின் திண்ணை என்று நினைக்கிறோம். 1993-க்குப் பின் தனியார் அலைவரிசைகள் வந்து தொடர்கள் பெருகியபோது, முதலில் வேலை கிடைத்தவர்களில் மேடை நடிகர்கள் பலர். இதில் ஒரு தொழில் நியாயம் இருக்கிறது. தொடரில் ஒரு நாளைக்கு எடுத்து முடிக்க வேண்டிய காட்சிகள் சினிமாவைவிடப் பல மடங்கு. வசனம் பெரும்பாலும் படப்பிடிப்பு நேரத்தில்தான் கைக்கு வரும், பக்கத்திலிருந்து உதவி இயக்குநர் படித்துக் காட்ட உடனே பேச வேண்டும். கதை எந்தப் பக்கம் திரும்பும் என்று நடிகருக்கே தெரியாது. ஒத்திகை இல்லை, எதிரில் நிற்பவர் நேற்றுதான் சேர்ந்தவர். இது கிட்டத்தட்ட ஸ்பெஷல் நாடகத்தின் நிலைமை. சினிமாவில் மட்டும் பழகியவர் திணறும் இடத்தில் மேடைக்காரருக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும். நாடகத்தில் தொடங்கி, சினிமாவில் எத்தனையோ பாட்டிகளாக வாழ்ந்து, தன் கடைசி ஆண்டுகளில் ‘சரவணன் மீனாட்சி’ தொடரிலும் பாட்டியாக வந்த எஸ்.என்.லட்சுமி இதற்கு நல்ல உதாரணம்.

மனோரமாவின் சின்னத்திரை வாழ்வு சினிமா அளவுக்கு ஆழமானது என்று சொல்ல முடியாது. தொடர்கள் அவரிடம் கேட்டது ‘ஆச்சி’யை; அதாவது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த மனோரமாவை. ‘ஆச்சி இன்டர்நேஷனல்’ என்று தொடருக்கே அவர் பட்டத்தைப் பெயராக வைத்தார்கள். தெரியாத ஒரு பெண்ணாக மாறிக் காட்டுவதுதான் அவருடைய வித்தை. சின்னத்திரை அந்த வித்தையைக் கேட்கவே இல்லை. ஆனாலும் நாளுக்கு நாள் ஓடும் அந்த வேகத்தில், மேடையின் வேகத்தில், முதுமையிலும் அவரால் நிற்க முடிந்தது. தொலைக்காட்சி மேடையின் வேலை வேகத்தை எடுத்துக்கொண்டது, மேடை தந்த பயிற்சியை யாருக்கும் திருப்பித் தரவில்லை. இன்று தொடர்களில் வரும் இளைஞர்கள் அந்த வேகத்துக்குள் பயிற்சி இல்லாமல் தள்ளப்படுகிறார்கள். ஒரே முகபாவம் ஆயிரம் அத்தியாயங்களுக்கு நீள்கிறது என்று அவர்களைக் குறை சொல்கிறோம். பழக அவர்களுக்கு ஓர் இடம் கொடுத்தோமா என்று கேட்பதில்லை.

யார் கையில் இருக்கிறது?

மனோரமாவுக்கு 2002-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கலைமாமணி கிடைத்தது. விருதுகள் போதாது என்று குறைசொல்ல வேண்டியதில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. அவரைக் கொண்டாடும் அதே சமூகம், அவர் பழகிய வகை மேடையைத் திருவிழாவின் செலவுப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது. நாடகம் வைத்த இரவுகளில் இசைக் கச்சேரியும் ஆடல் பாடலும் இடம்பிடித்து வருகின்றன. அவற்றைத் தடுக்கச் சொல்வது வீண் வேலை. மக்களுக்குப் பிடித்ததை மக்கள் பார்ப்பார்கள். ஆனால் நாடகத்துக்கு ஓர் இரவையாவது விட்டுவைப்பது கஷ்டமான காரியம் இல்லை. சிங்கம்புணரியிலோ சுற்றியுள்ள ஊரிலோ ஒரு விழாக் கமிட்டி அப்படிச் செய்தால், சில நடிகர்களுக்கு ஒருநாள் கூலி கிடைப்பதோடு அது முடிவதில்லை. அந்த மேடையில் பபூனாக வந்து ஒரு மணி நேரம் கூட்டத்தைக் கட்டிப்போடும் இளைஞனுக்கும், தர்க்கத்தில் நாரதரை மடக்கும் பெண்ணுக்கும் தொழில் பழக ஓர் இடம் மிச்சமாகிறது.

திரைத்துறைக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு வட்டாரத்துக் கதையை எடுக்கும்போது அந்த வட்டாரத்து மனிதர்களை அப்படியே நடிக்க வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. இயல்பு கிடைக்கிறது என்கிறார்கள். கிடைப்பது பல சமயம் இயல்பு, சில சமயம் கூச்சம். ஓர் ஊரின் பேச்சும் உடலும், அவற்றோடு நடிப்பின் கட்டுப்பாடும் சேர்ந்து கிடைக்க வேண்டுமானால், நடிகர்களைத் தேர்வு செய்பவர்கள் சென்னைப் பயிற்சிப் பட்டறைகளைப் பார்ப்பதோடு நிற்காமல் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் நாடக நடிகர் சங்கங்களின் வாசலுக்கும் போக வேண்டும். காரைக்குடியில் ஒரு நாடகக் கொட்டகையை ஸ்டூடியோ ஆக்கிய மெய்யப்பன், அங்கே படமாக்கிய நாடகத்தின் நடிகரையும் கூடவே எடுத்துக்கொண்டார். கட்டடத்தைவிட அந்த நடிகரே நெடுங்காலம் பயன்பட்டார் என்பதை வரலாறு காட்டிவிட்டது.

ஆகவே மனோரமாவை ஆயிரம் படம் என்று சொல்லிப் பெருமைப்படுவதை நிறுத்த வேண்டாம்; அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. அவர் அதிசயம் என்று சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பு எதுவும் இல்லை, அதிசயங்கள் தாமாக நிகழ்பவை. அவர் ஒரு தொழிலைக் கற்றுத் தேர்ந்தவர் என்று ஒப்புக்கொண்டால், அந்தத் தொழிலை இன்று யார், எங்கே, யாருடைய செலவில் கற்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கோடம்பாக்கத்தைவிட ஊர்த் திருவிழாக் கமிட்டிகளின் கணக்குப் புத்தகத்தில்தான் அதிகம் எழுதப்படுகிறது.